பழிவாங்குற ஹீரோ, அதுவும் குறையுள்ளவன்: ஆடுறவங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்குது?

பாலக்கோடு_பிக்சல்
எல்லாருக்கும் வணக்கம். கோடோங்கற கேம் செய்யுற மென்பொருள்ல ஒரு 2டி ஆக்‌ஷன் கேம் செஞ்சிட்டிருக்கோம். களம் பழைய தகடூர் நாடு, இன்னிக்குத் தருமபுரி பக்கம். மாடு பிடிக்க வந்த கூட்டம் தம்பியைக் கொன்னுடுது, அண்ணன் ஒவ்வொருத்தனாத் தேடிப் போறான். சேவ் பண்ற இடமெல்லாம் நடுகல். ஆடிப் பார்த்தவங்க சண்டை நல்லாருக்குன்னு சொல்றாங்க, ஆனா ஹீரோ மனசுல நிக்கலைங்கறாங்க. நாங்க அவனை நல்லவனாத்தான் எழுதியிருக்கோம், அநியாயமா ஒரு அடி கூட அடிக்க மாட்டான். இன்னொரு பக்கம் காட் ஆஃப் வார் கேமோட ஹீரோ க்ரேடோஸ் எத்தனை அப்பாவியைக் கொல்றான்? அவனை 2005லிருந்து இன்னிக்கு வரைக்கும் கொண்டாடுறாங்க. எங்கே இருக்கு இதோட சூட்சுமம்? விவரமாச் சொல்லுங்க.

தகடூர்_கேமர்
தம்பி, உங்க பதில் உங்க கேள்வியிலேயே இருக்கு. அநியாயமா ஒரு அடி கூட அடிக்காதவனுக்குப் பழிவாங்குறது வெறும் வேலை. பட்டியல் போட்டு முடிக்கிறான், அவ்வளவுதான்.

முதல் காட் ஆஃப் வார் எப்படி வரிசைப்படுத்தியிருக்குன்னு பாருங்க. ஆரம்பமே க்ரேடோஸ் மலை உச்சியிலிருந்து ஏஜியன் கடல்ல குதிக்கிறது. ஏன் குதிக்கிறான்னு சொல்லாம மூணு வாரம் பின்னாடி போய்க் கப்பல்ல இறக்கிவிடுறாங்க. அங்கே ஹைட்ராங்கற அரக்கப் பாம்போட தொண்டைக்குள்ள தொங்குற கப்பல் தலைவனைக் காப்பாத்தப் போற மாதிரி கையைப் பிடிக்கிறான். கழுத்துல இருக்கிற சாவியை மட்டும் அறுத்துக்கிட்டு ஆளை உள்ளே விட்டுடறான். கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள்ள இது. பிற்பாடு பண்டோரா கோவில்ல கூண்டுக்குள்ள கெஞ்சுற சிப்பாயை மேட்டுல தள்ளிக்கிட்டுப் போய் நெருப்புக்குப் பலி குடுத்தாத்தான் கதவு திறக்கும். தள்ளுறது நம்ம கை. அவன் கெஞ்சிக்கிட்டே வர்றான், வேற வழியும் கிடையாது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான், ரொம்ப நேரம் கழிச்சு, பொண்டாட்டி லைசாண்ட்ராவையும் மக கலியோப்பையும் கொன்னது அவனே தான்னு முழுசாத் தெரியுது. போர்க் கடவுள் ஏரிஸ் ஏமாத்தி வைக்கிறான், கோவிலுக்குள்ள யாருன்னு பார்க்காம வெட்டிடறான். அவன் உடம்பு வெள்ளையா இருக்கிறது அந்த ரெண்டு பேரோட சாம்பல்.

இப்போ அவனோட எதிரி யாரு? ஏரிஸ்னு சொல்லலாம். ஆனா கத்தியைப் பிடிச்ச கை அவனோடது. வெளியே இருக்கிற எதிரியைக் கொன்னாலும் உள்ளே இருக்கிறது தீராதுங்கறது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளிதான் நம்மளை அவன் கூடவே நடக்க வைக்குது. முடிவுல ஏரிஸைக் கொன்னுட்டு வந்து நிக்கிறப்போ பெண் தெய்வம் ஏதீனா சொல்றது என்ன? பாவத்தை மன்னிச்சாச்சு, ஆனா அந்தக் கெட்ட கனவு போகாது. அதுக்கப்புறம்தான் மலை உச்சி.

உங்க ஹீரோவுக்குத் தம்பி சாவுல ஒரு பங்கு இருக்கணும். மாட்டுப் பட்டியில காவலுக்கு நின்னிருக்க வேண்டியவன் அவன்தான்னு வைங்க. அங்கேருந்து தொடங்குங்க.

ஓசூர்_ராக்கெட்
அண்ணா சொல்ற கதை எல்லாம் சரி. ஆனா 2005ல தமிழ்நாட்டுல பாதிப் பேர் அந்தக் கதையை இங்கிலீஷ்ல முழுசாப் புரிஞ்சா ஆடினாங்க? பிடிச்சது அந்த அடி. கேயாஸ் கத்தி ரெண்டும் சங்கிலியில கையோட கட்டியிருக்கு, கண்ட்ரோலர்ல சதுரம் சதுரம் முக்கோணம் பட்டனை அழுத்தினா திரை பூரா வீசும், பத்துப் பேர் ஒண்ணாச் சிதறுவான். கோபம்னா என்னன்னு வசனம் இல்லாமலே புரியுது.

அந்த அடியோட கனம் எங்கேருந்து வருதுன்னா, படும்போது படம் ஒரு நொடியின் சின்னப் பின்னம் நின்னு போகுது. செகண்டுக்கு 60 ஃப்ரேம் (படம்) ஓடுற கேம்ல ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி செகண்ட். சாதா அடிக்கு 3 ஃப்ரேம், அதாவது 50 மில்லி செகண்ட். பலமான அடிக்கு 6 ஃப்ரேம். ஆளை முடிக்கிற அடிக்கு மட்டும் 10. இதைத் தாண்டினா கேம் சிக்குற மாதிரி தோணும். எல்லா அடிக்கும் ஒரே அளவு வெச்சாலும் தப்பு, கோபத்துக்கு ஏத்த இறக்கம் வேணும்.

பிக்சல், உங்க ஹீரோ மனசுல நிக்காததுக்குப் பாதி காரணம் இதுவாவும் இருக்கலாம். அவன் அடியும் காவல்காரன் அடியும் ஒரே கனமா இருந்தா, யாருக்குக் கோபம்னு கைக்குத் தெரியாது.

மத்தூர்_மீனா
ராக்கெட் தம்பி, நீங்களும் அண்ணாவும் ஒரே விஷயத்தைத்தான் ரெண்டு முனையிலிருந்து பிடிச்சிருக்கீங்க. கோபத்தைக் கையில குடுக்குறாங்க, அப்புறம் அந்தக் கையாலேயே கோபம் இல்லாத ஒண்ணைச் செய்யச் சொல்றாங்க. அந்த இடத்துலதான் இந்த ஹீரோ நம்மாளா ஆகுறான்.

அதே காட் ஆஃப் வார் வரிசையில செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ், 2008, பிஎஸ்பி கைக்கருவிக்கு வந்தது. நம்ம ஊர்ல நிறையப் பேர் இதை ஃபோன்ல எமுலேட்டர் போட்டு ஆடியிருப்பாங்க. க்ரேடோஸ் தன் சக்தியெல்லாம் துறந்து செத்துப்போன மகளைக் கட்டிப் பிடிச்சுக்கிறான். அதுக்குள்ள பாதாளத்து ராணி பெர்சிபொனி உலகத்தையே அழிக்கக் கிளம்பிட்டா. தடுக்கணும்னா மகளை விட்டுட்டுப் போகணும். அவ ஓடி வந்து கட்டிக்கிறா. திரையில வட்டம் பட்டன் வருது. அதுவரைக்கும் அரக்கனோட கழுத்தை முறிக்க வேகமாத் தட்டின அதே பட்டன். இப்போ அதைத் தட்டித் தட்டி மகளைத் தள்ளிவிடணும். தள்ளத் தள்ளத் திரும்ப வந்து ஒட்டுறா. வேகமாத் தட்டினாத்தான் விடுவா. அந்தக் கட்டத்துல கையை எடுத்துட்டுச் சும்மா உட்கார்ந்தவங்க நிறைய.

முதல் கேம்ல இதோட மறுபக்கம். ஏரிஸ் சண்டையில நடுவுல க்ரேடோஸோட உருவத்துலேயே ஒரு கூட்டம் வந்து மனைவியையும் மகளையும் வெட்ட வருது. அவங்களுக்கு ஒரு உயிர்க் கோடு இருக்கும், குறைஞ்சுக்கிட்டே வரும். பக்கத்துல போய் வட்டம் அழுத்தினா கட்டிப் பிடிச்சுக்குவான், அவன் உயிர் இறங்கி அவங்களுக்கு ஏறும். அந்த இடத்துல நாம யோசிக்கிறது இன்னும் எவ்வளவு ரத்தம் குடுத்தாத் தாங்கலாம்ங்கிற கணக்கை. பாசத்தை எண்ணா மாத்திட்டாங்க, ஆனா அது மலிவாத் தெரியலை. ஏன்னா குடுக்கிறது நம்மகிட்ட இருந்து போகுது.

லாஸ்ட் ஆஃப் அஸ் ரெண்டாம் பாகத்துல (2020) பழிவாங்கக் கிளம்பின எல்லி மருத்துவமனைக்குள்ள எதிரிக் கூட்டத்து நோராவைத் துரத்திப் போய்ப் பிடிச்ச பிறகு சதுரம் பட்டன் வரும். அழுத்துற வரைக்கும் கேம் காத்துக்கிட்டு நிக்கும், நகராது. அங்கே அடி படுறதைக் காட்டாம எல்லியோட முகத்தைக் காட்டுவாங்க. பட்டன் அழுத்தினது நாம, முகம் அவளோடது. நாம செஞ்சதை அவ முகத்துல பார்க்கிறோம்.

ஊத்தங்கரை_உதயம்
எதிர்க்கேள்வி ஒண்ணு. மாஃபியா 3ல லிங்கன் கிளேவுக்கு இதெல்லாம் இருக்கே. 1968, வியட்நாம்லேருந்து திரும்பி வந்தவன், வளர்த்தவரையும் கூட்டத்தையும் கொன்னுட்டாங்க, நியாயமான கோபம், இனவெறி ஊர். முதல் ரெண்டு மணி நேரம் பிரமாதம். அப்புறம் ஏன் சலிச்சுப் போகுது?

தகடூர்_கேமர்
நல்ல கேள்வி உதயம். காரணம் கதையில இல்லை, வேலைப் பட்டியல்ல. ஒவ்வொரு பேட்டையிலும் அதே வரிசை: ஒருத்தர்கிட்ட பேசு, ஆளைப் பிடிச்சு விசாரி, சரக்கை உடை, நஷ்டக் கணக்கை ஏத்து, கடைசியில பெரிய ஆளு வெளியே வருவான். இதையே பேட்டை பேட்டையாத் திரும்பச் செய்யணும். முதல் தடவை கோபத்தோட உடைப்போம். நாலாவது தடவை மீட்டரைப் பார்த்து உடைப்போம். கோபம் கணக்கு வேலையா மாறின நிமிஷம் ஹீரோ செத்தான்.

இன்னொரு விதமாக் கெட்டது டிஸ்ஹானர்ட், 2012. எனக்கு ரொம்பப் பிடிச்ச கேம், அதனாலேயே சொல்றேன். ஹீரோ கோர்வோவுக்குக் குடுத்த சக்தியில பெரும்பகுதி கொல்றதுக்கு. எலிக் கூட்டத்தை ஏவலாம், கத்தி, துப்பாக்கி, வெடிப்பொறி எல்லாம் இருக்கு. ஆனா நிறையக் கொன்னா ஊர்ல எலி பெருகும், நோயாளிங்க பெருகுவாங்க, முடிவு இருட்டாகும், கடைசியில படகுக்காரர் சாமுவேல் கூட வெறுத்துப் பேசிட்டு, வானத்துல சுட்டு எதிரிக்குக் காட்டிக் குடுத்துட்டுப் போவாரு. எண்ணம் அருமை. ஆனா நல்ல முடிவு வேணும்னு நினைக்கிறவங்க பாதிச் சக்தியைத் தொடாமலே ஆடி முடிக்கிறாங்க. கோபத்தைக் கையில குடுத்துட்டுத் தொடாதேன்னு சொன்னா ஆடுறவனுக்கு ஹீரோ மேல பாசம் வராது, விதி மேல எரிச்சல் வரும்.

அதே கேம்ல சரியாச் செஞ்சதும் உண்டு. பெண்டில்டன் சகோதரர்களைக் கொல்லாம விட ஒரு வழி இருக்கு. நாக்கை அறுத்து, தலையை மொட்டையடிச்சு, அவங்க சொந்தச் சுரங்கத்துக்கே அடிமையா அனுப்புறது. கேம் இதை 'உயிர்க்கொலை இல்லை'ன்னு எழுதிக்கும். கொல்லாம விட்டது கொன்னதை விடக் கொடுமையா நிக்குது. அந்த மாதிரித் தேர்வு ஒண்ணு வெச்சாலே போதும், நல்லது கெட்டதுக்கு மீட்டரே வேண்டாம்.

தீர்த்தமலை_வாசகன்
நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இது புதுசே இல்லைங்க. தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்கள்ல பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த யாருக்கும் குறையுள்ள பழிவாங்கி பழக்கமான ஆளுதான். பதினெட்டாம் போர் முடியுற காலையில களத்துல மண்ணால பெரிய துரியோதனன் உருவம் படுத்திருக்கும். பீமன் அடிக்கிறது தொடையில. கதாயுதச் சண்டையில இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது, அது விதி. ஊரே விதிமீறலைப் பார்த்துக்கிட்டு நிக்குது. திரௌபதி கூந்தல் முடிக்கிறா. யாரும் பீமனைக் கெட்டவன்னு சொல்லி எழுந்து போகலை. சபதம் அவ்வளவு பெரிசு. அது முடிஞ்ச கையோட சில ஊர்கள்ல காந்தாரி வேஷம் வந்து ஒப்பாரி வைக்கும். அதே சனம் அதுக்கும் அழும்.

வெற்றிக்கும் ஒப்பாரிக்கும் நடுவுல இடைவெளியே விடறதில்லை. பழிவாங்குற கேம்கள் பலதுல விட்டுப் போகிறது இதுதான். வில்லன் செத்தான், இசை ஏறிச்சு, பேர் ஓடிச்சு.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் முதல் பாகம் (2010) இதைச் செஞ்சுது. ஜான் மார்ஸ்டன் செத்து வருஷங்கள் கழிச்சு, 1914ல, மகன் ஜாக் கையில கேம் வருது. அப்பாவைக் கொன்ன எட்கர் ராஸைத் தேடணும்னு கட்டாயமே இல்லை. வரைபடத்துல ஒரு குறி, அவ்வளவுதான். போனா ஏரிக்கரையில ராஸோட மனைவி சாதாரணமாப் பேசுவாங்க, வழி சொல்லுவாங்க. அப்புறம் ராஸோட சகோதரன். கடைசியில ஆத்தங்கரையில வாத்து சுட்டுக்கிட்டு நிக்கிற ஒரு கிழவன். சுட்டு முடிச்சதும் ஜாக் திரும்பி நடப்பான், கேம் பேரு திரையில விழும். ஜான் எதிலிருந்து மகனைக் காப்பாத்த உயிரை விட்டாரோ அதுவாகவே மகன் ஆகிட்டான். இதைச் சொல்ல ஒரு வசனமும் கிடையாது.

பாலக்கோடு_பிக்சல்
எல்லாருக்கும் நன்றிங்க. அண்ணா சொன்ன காவல் விஷயத்தை எடுத்துக்கிறோம், அவன் காவலை விட்டுட்டுப் போன ராத்திரியில தம்பி செத்தான்னு மாத்துறோம். ராக்கெட் ப்ரோ, அடி படும்போது நிறுத்துறதைக் காலவேகத்தைக் குறைச்சுத்தான் செஞ்சிருக்கோம். ஆனா சில சமயம் ரெண்டு செகண்ட் கிட்ட உறைஞ்சு நிக்குது. அப்புறம் நிறைஞ்சா ஹீரோவுக்கு வெறி ஏறுற மாதிரி ஒரு வெறி மீட்டரும் வேணும், எப்படி அளவு வைக்கிறது?

ஓசூர்_ராக்கெட்
உறையுறதுக்குக் காரணம் டைமர். காலவேகத்தை 0.05க்கு இறக்கிட்டு 0.08 செகண்ட் டைமர் போட்டா, அந்த டைமரும் மெதுவாகும். 0.08ஐ 0.05ஆல வகுத்தா 1.6 செகண்ட். அதுதான் நீங்க பார்க்கிறது. கோடோ 4ல சீன் ட்ரீ உருவாக்குற டைமருக்கு நாலு மதிப்பு குடுக்கலாம். நாலாவது, காலவேகத்தைக் கண்டுக்க வேண்டாம்ங்கறது. அதை உண்மைன்னு வைங்க, சரியாயிடும்.

அதைவிட நல்ல வழி உலகத்தையே நிறுத்தாம அடிச்சவன், அடிபட்டவன் ரெண்டு பேரோட அனிமேஷனை மட்டும் நிறுத்துறது. புழுதி, மழை, கேமரா நடுக்கம் எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கட்டும். கூட்டமா அடிக்கும்போது இதுதான் காப்பாத்தும், இல்லைன்னா ஆறு பேர் மேல ஒரே வீச்சுல பட்டா ஆறு நிறுத்தமும் அடுத்தடுத்து வந்து சேரும். ஒரு வீச்சுக்கு ஒரு நிறுத்தம்னு பூட்டு போட்டுடுங்க. நின்னிருக்கிற நேரத்துல அழுத்துன பட்டனைத் தூக்கிப் போட்டுடாதீங்க, சேர்த்து வெச்சு நிறுத்தம் முடிஞ்சதும் ஓட்டுங்க. இல்லைன்னா பட்டன் வேலை செய்யலைன்னு புகார் வரும்.

வெறி மீட்டருக்குத் தொடக்க அளவு சொல்றேன். மொத்தம் 100. அடிச்சா 2, அடிபட்டா 5. ஆறு எதிரி, ஆளுக்கு நாலு அடின்னா 48 வரும். நாலு அடி வாங்கினா 20. ஆக ஒரு சண்டைக்கு 68, ஒன்றரைச் சண்டைக்கு ஒரு வெறி. நீளம் 7 செகண்ட். வாங்கின அடிக்குக் கூடுதலாத் தர்றது முக்கியம், வலிக்கும் வெறிக்கும் நேரடிச் சம்பந்தம் தெரியணும்.

எச்சரிக்கை ஒண்ணு. வெறியில அடிச்சா உயிர் ஏறும்னு வெச்சா, ஆடுறவங்க அதை மருந்தா எடுத்து வெச்சுக்குவாங்க. காட் ஆஃப் வார் 2018ல ரெண்டு கட்டைவிரல் குச்சியையும் (எல்3 ஆர்3) சேர்த்து அழுத்துற ஸ்பார்ட்டன் வெறி அப்படித்தான் ஆகிப்போச்சு. கோபம் வந்தப்போ எடுக்கிறதில்லை, உயிர் குறைஞ்சப்போ எடுக்கிறாங்க. அடுத்த பாகமான ரக்னராக்ல (2022) அதை மூணாப் பிரிச்சதுக்கு ஒரு நல்ல பலன், உயிர் ஏத்துற வகையைத் தனியாத் தேர்ந்தெடுக்கலாம். உங்க கேம்ல உயிர் ஏத்தவே வேண்டாம்.

ஊத்தங்கரை_உதயம்
2018 பேச்சு வந்ததால சொல்றேன். அதுல க்ரேடோஸை அப்பாவாக்கி மென்மையாக்கிட்டாங்க. ஒலிம்பஸையே இடிச்சவன் பையனுக்கு வில் வித்தை சொல்லிக் குடுக்கிறான். பழைய ஆளுதான் நிஜம்.

மத்தூர்_மீனா
உதயம், நான் ஒத்துக்க மாட்டேன். மூணாம் பாகத்துல (2010) அந்தப் பழைய ஆளோட பாதை முடிஞ்சுபோச்சு. ஒலிம்பஸ் தெய்வங்கள்ல பொசைடன் செத்தா கடல் பொங்கி ஊரை முழுங்குது, ஹீலியோஸ் செத்தா இருட்டு, ஹெர்மிஸ் செத்தா நோய் பரப்புற பூச்சிக் கூட்டம், ஹீரா செத்தா செடி கொடி கருகுது. பொசைடனைக் கொல்றப்போ கேமரா பொசைடனோட கண்ணுக்குள்ள போயிடும், நம்ம கட்டைவிரல் ரெண்டும் அழுத்துறது நம்ம கண்ணை நோக்கியே வரும். கடைசியில அவங்க தலைவன் ஸியூஸை முகத்துல குத்திக்கிட்டே இருக்கலாம், திரை சிவப்பாகிக்கிட்டே வந்து முழுசா மூடிடும். நாம நிறுத்துற வரைக்கும் அது நிக்காது. அதுக்கு மேல அந்த ஆளை வெச்சு இன்னும் எவ்வளவு பெரிசா அடிக்க முடியும்?

2018ல கோபம் போகலை, அடக்கி வெச்சிருக்காங்க. சரியா ஒரு காட்சியைப் பாருங்க. பையன் படுத்த படுக்கையா இருக்கான். மருந்துக்குச் செத்தவங்களோட பனி உலகமான ஹெல்ஹைம் போகணும், அங்கே பனிக் கோடாரி உதவாது. தனியாப் படகு தள்ளிக்கிட்டு வீட்டுக்கு வர்றான். அதுவரைக்கும் படகுல கதை கேட்டுக்கிட்டே வந்த பையன் இல்லை, ஒரு பேச்சும் இல்லை. தரைப் பலகையைப் பெயர்த்து, துணியில சுத்திப் புதைச்சு வெச்ச கேயாஸ் கத்தியை வெளியே எடுத்துச் சங்கிலியைத் தழும்பு மேல சுத்திக்கிறான். ஏதீனா உருவம் எதிர்ல வந்து நீ எப்பவும் அரக்கன்தான்னு சொல்லுது. அவன் மறுக்கலை. தெரியும்னு ஒத்துக்கிட்டு, இனி உனக்காக இல்லைங்கற மாதிரி பதில் சொல்லிட்டுக் கடந்து போறான்.

அதுக்கு அடுத்த நிமிஷம் சண்டை வரும். கத்தி கையில வந்ததும் பழைய வீச்சு, பழைய வேகம், நமக்குக் குஷி. நம்ம குஷியும் அவனோட அவமானமும் ஒரே பொருள் மேல. பழைய பாகங்களை ஆடினவங்களுக்குத்தான் இது முழுசாச் சேரும், அதுக்காகவே பதிமூணு வருஷச் சரித்திரத்தைச் செலவு பண்ணியிருக்காங்க.

பழிவாங்கலும் போகலை. எதிரி பால்டர் தன் தாயைக் கொல்லப் போறப்போ க்ரேடோஸ் பால்டரைக் கொல்றான். காப்பாத்தப்பட்ட தாய் ஃப்ரேயா அவன் மேலேயே சபதம் போடறா. ரக்னராக் தொடங்குறதே அவ தாக்குறதோடதான். இப்போ துரத்தப்படுற இடத்துல க்ரேடோஸ். துரத்துறவளோட கோபம் என்னன்னு அவனை விட யாருக்குத் தெரியும்?

பிக்சல் தம்பி, உங்க நடுகல் யோசனையைக் கையில வெச்சுக்கிட்டு அதைச் சேவ் பாயிண்டா மட்டும் விட்டுடாதீங்க. நம்ம ஜில்லாவுல கிடைச்ச கல்லுங்களைப் பாருங்க: கையில வில்லோ வாளோ, உடம்புல தைச்ச அம்பு, சிலதுல பின்னாடி மாடு, மேல ரெண்டு மூணு வரி வட்டெழுத்து. மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் வெச்ச மரியாதை அது. தருமபுரி அகழ்வைப்பகத்துல நேர்ல பார்த்துட்டு வரையுங்க.

இப்படிச் செய்யுங்க. ஹீரோ எதிரி ஊருக்குள்ள போறப்போ ஒரு காவல்காரன் மறிக்கட்டும். அவனுக்கும் தம்பி சாவுக்கும் சம்பந்தம் இல்லை, தன் ஊர் மாட்டைக் காக்க நிக்கிறான். கொல்லாமலும் தாண்டலாம், ஆனா கஷ்டம். கொன்னுட்டு அடுத்த தடவை அந்த வழியா வந்தா அங்கே புதுக் கல்லு நிக்கணும். அம்பு எங்கே தைச்சுதோ கல்லுல அதே இடத்துல. அந்தப் பக்கத்துல சேவ் பண்ண வேற இடமே கிடையாதுன்னு வைங்க. வசனம் வேண்டாம், குரல் வேண்டாம். அவன் கொன்னவன் முன்னாடி உட்கார்ந்துதான் ஆடுறவன் இளைப்பாறணும்.

தகடூர்_கேமர்
மீனாம்மா, இது ரொம்ப நல்ல யோசனை. ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். ஒரு ஊருக்கு ஒரு கல்லுக்கு மேல வேண்டாம். எல்லாக் கொலைக்கும் கல்லு முளைச்சா மாஃபியா 3 கதைதான், எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. கேம் முழுக்க மூணு போதும். தாண்டிப் போற வழி கஷ்டமா இருக்கலாம், ஆனா சுவாரசியமா இருக்கணும். டிஸ்ஹானர்ட் விழுந்த குழி அதுதான்.

பாலக்கோடு_பிக்சல்
அக்கா, இதைக் கண்டிப்பாச் செய்றோம். மூணு கல்லுன்னு எழுதி வெச்சுட்டேன். கடைசிக் கேள்வி. முடிவுல தலைவனை அடிக்கிற இடத்துல, வாசகன் அண்ணா சொன்ன மாதிரி ஒப்பாரியை உடனே கொண்டு வரணும். ஸியூஸ் காட்சி மாதிரி ஆடுறவன் நிறுத்துற வரைக்கும் விடலாமா?

தீர்த்தமலை_வாசகன்
விடுங்க. ஒப்பாரியை அவன் செத்த பிறகு தொடங்காதீங்க. மூணாவது அடியிலேயே தூரத்துல ஒரு பொம்பளைக் குரல் கேட்கட்டும், ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கிட்ட வரட்டும். அடிச் சத்தமும் அதுக்கேத்த மாதிரி இறங்கணும். பறையோ மேளமோ போடாதீங்க, குரல் மட்டும்.

ஓசூர்_ராக்கெட்
தொழில்நுட்பப் பக்கம்: 1.5 செகண்ட் பட்டன் வரலைன்னா நிறுத்திட்டான்னு எடுத்துக்கங்க. அதைவிடக் குறைச்சா, மெதுவாத் தட்டுறவங்களுக்குப் பாதியிலேயே முடிஞ்சு போகும். திரையில பட்டன் படத்தை முதல் ரெண்டு அடிக்கு மட்டும் காட்டிட்டு எடுத்துடுங்க, இருந்துக்கிட்டே இருந்தா அழுத்தணும்னு கட்டளைன்னு நினைச்சு நிறுத்தவே மாட்டாங்க. டர்போ பட்டன் இருக்கிற கண்ட்ரோலர்ல விட்டா முடிவே வராது, அதனால 40 அடிக்கு மேல ஹீரோவோட கை தானா விழுற அனிமேஷன் ஒண்ணு வரைஞ்சு வைங்க. அந்தக் கட்டத்துல அடி நிறுத்தத்தை 10 ஃப்ரேம்லேருந்து ஒவ்வொண்ணாக் குறைச்சு 0க்குக் கொண்டு வாங்க. கனம் போயிடும், வெறும் கை ஆடுற மாதிரி இருக்கும்.

பாலக்கோடு_பிக்சல்
அடி நிறுத்தத்தைக் குறைக்கிறது யோசிக்கவே இல்லை ப்ரோ. இன்னிக்கு ராத்திரியே போட்டுப் பார்க்கிறோம். காவல்காரன் கல்லுக்கு வரைபடம் ரெடியானதும் இதே இழையில போடறேன், அம்பு தைச்ச இடம் சரியா இருக்கான்னு மீனாக்கா பார்த்துச் சொல்லுங்க.